பங்காளிகள்: மூன்றாம் காலாண்டு

டீசல், நானூறு லிட்டர்.
ரசீது இருக்கிறது, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு.
அது இறைத்த தண்ணீரில் பாதியை யானைகள் குடித்தன என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குனேனேயில் மழை பொய்த்து இது மூன்றாவது வருடம்.
இரவில் பம்பு ஓடும் சத்தம் கேட்டதும்
வறண்ட ஆற்றிலிருந்து ஏறி வருகிறார்கள் பதினோரு பேர்.
தொட்டியைச் சுற்றி நாங்கள் எழுப்பிய கல்மதிலுக்கு மேலே
துதிக்கை நீட்டுகிறார்கள்,
பந்தியில் இடம் பிடிக்க முந்தும் சொந்தக்காரர்களைப் போல.
விடிந்ததும் மிச்சக் கலங்கலை
என் ஆடுகளுக்குக் காட்டுகிறேன்.

படிவம் கேட்கிறது: பயனாளிகள் எத்தனை பேர்?
ஆண்கள், பெண்கள், முப்பத்தைந்து வயதுக்குக் கீழே.
யானைகளிடம் நான் வயது கேட்டதில்லை.

பனி விழும் ஊரில் இருக்கும் ஒரு விலங்குக் காட்சிசாலை
எங்கள் பெண்சிங்கம் ஒன்றுக்குக் கழுத்துப்பட்டை வாங்கித் தந்தது.
பட்டைக்கு விலை உண்டு, பேட்டரிக்கு ஆயுள் உண்டு,
பெயர் வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.
பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு லின்னியா என்று வைத்தார்கள்.
நாங்கள் கிழிந்தகாது என்கிறோம்.
இரண்டு பெயருக்கும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டு. காவலன் உவாப்பியின் கைபேசியில் ஒரு புள்ளி
வேத்தருஹேயின் தொழுவத்தை நோக்கி நகர்ந்தது.
ஜீப்புக்கு டீசல் இல்லை
(முதல் வரியைப் பார்க்கவும்).
பதினான்கு கிலோமீட்டர் நடந்து அவன் போய்ச் சேர்ந்தபோது
கழுதைகள் இரண்டும் இல்லை.
வண்டி மட்டும்
நுகத்தடியை மண்ணில் ஊன்றி நின்றது.

இழப்பீட்டுப் பட்டியலில் மாடு உண்டு, ஆடு உண்டு.
கழுதை இல்லை.
பட்டியல் போட்டவர்களின் நகரத்தில்
தண்ணீர் தானாகவே வீட்டுக்கு வருகிறது.

முள்மரத்தடியில் கூட்டம்.
வேத்தருஹே சத்தம் போடவில்லை.
அறுந்த வார் ஒன்றை மேசைமேல் வைத்தான்,
என் கணக்குப் புத்தகத்தின் மேலேயே.
“சிங்கத்துக்கு நானும் பங்காளி என்று கையெழுத்து வாங்கினீர்கள்.
அவள் பங்கை அவள் எடுத்துக்கொண்டாள்.
என் பங்கு எங்கே?”

ஒப்பந்தத்தில் இருக்கும் சொல் கூட்டாளர்.
இஸ்திரி போட்ட சொல் அது, கை குலுக்கும், போட்டோவுக்கு நிற்கும்.
பங்காளி அப்படியல்ல.
வரப்புக்குச் சண்டை போடுவான், வருடக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டான்,
சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பான்.
எங்கள் ஐந்து கூட்டாளர்களில்
எத்தனை பேர் பங்காளிகள் என்று
இன்னும் ஒரு சாவு விழுந்தால்தான் தெரியும்.

ஒருவர் போன மாதமே எழுதிவிட்டார்:
அடுத்த ஆண்டு முதல் எங்கள் கவனம் கடல்மீது.
நல்லது. கடலும் பாவம்.

தலைவி கவெசேரி வரவுசெலவுத் தாளில் விரலை ஓட்டினாள்.
ஒன்பதாம் வரியில் நின்றாள்.
பெயர்ப்பலகை, ஒன்று, இரும்புத் தூண்களுடன்,
நன்கொடையாளர் அனைவரின் சின்னங்களோடு.
எங்கள் சின்னம் கடைசியில், கட்டைவிரல் அளவு.

“இந்தப் பக்கம் யார் வருகிறார்கள்,
பலகை படிக்க?” என்றாள்.
கை தூக்கச் சொன்னாள். நாற்பத்தொன்றுக்கு மூன்று.
மூவரில் ஒருவர் வெல்டிங் பட்டறைக்காரர்.

கழுதைகள் இப்போது வேத்தருஹேயின் வண்டியில்.
ஒன்று கடிக்கும்.
அறிக்கையில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன்:
பெயர்ப்பலகை, இரண்டு. நடமாடும் வகை.
தணிக்கையாளர் வந்தால் தடவிப் பார்க்கலாம்,
கவனமாக.

காட்சிசாலையிலிருந்து ஒரு கடிதம், உறைமேல் பிள்ளைகள் வரைந்த சிங்கம்.
லின்னியா எப்படி இருக்கிறாள்?
பதில் போட்டுவிட்டேன்: நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நாளை கடைசித் தேதி.
‘திட்டம் முடிந்தபின் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்விக்குக் கீழே
அரைப் பக்கம் காலியாகக் கிடக்கிறது.
பம்பு நின்று நேரமாகிவிட்டது.
தாகம் தீரவில்லை போலிருக்கிறது,
தொட்டியை யாரோ தட்டுகிறார்கள்.